தனியாக வாடகைக் காரில் ஒரு நெடும்பயணம்



சென்ற ஆண்டு தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு நாள் பள்ளி முடிந்து பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு, எங்கள் தோட்டத்து அம்மா ஒருவர் வகுப்பறை வாசலில் வந்து நின்றார். செம்பனைக் காட்டில் உரம் போடும் வேலையை முடித்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்திருந்தார்.

"சார், பெரியவன் ஜொகூர்லேருந்து காடி வாடகைக்கு எடுத்துக்கிட்டுத் தனியா வர்றானாம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பான்" என்றார்.

"என்னம்மா சொல்லணும்?" என்று கேட்டேன்.

"வரவேணாம்னு சொல்லுங்க" என்றார். சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "வந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

அந்தப் பையன் ஆறாம் ஆண்டு வரை என்னிடம் படித்தவன். இப்போது ஜொகூர் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் தோட்டம் கெடாவில், சுங்கைப்பட்டாணிக்கு அருகில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 700 கிலோமீட்டர். பேருந்துச் சீட்டுகள் தீர்ந்துவிட்டன. அதோடு, முழங்கால் வலியால் நடக்க முடியாத அப்பாவைக் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும், தைப்பிங்கில் இருக்கும் பாட்டியைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஆகவே இது பகட்டுக்காக எடுக்கும் கார் அல்ல. குடும்பத்துக்காக எடுக்கும் கார்.

நேயர்களே, இன்று தோட்டப்புற வீடுகள் பலவற்றின் நிலை இதுதான். பிள்ளைகள் ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ வேலை செய்கிறார்கள். விடுமுறை வந்தால் ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொண்டு, இரவோடு இரவாகத் தனியே புறப்பட்டு விடுகிறார்கள். அவர்களைத் தடுப்பது நம் வேலையன்று. அந்தப் பயணத்தை எப்படித் திட்டமிடுவது என்று சொல்லிக் கொடுப்பதே நம் வேலை. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். வீட்டில் இருக்கும் தாய் தந்தையரும் கேட்க வேண்டும். ஏனென்றால் இந்தத் திட்டத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அது என்ன பங்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். இரண்டு பேர் காரில் போனால், ஓட்டுபவர் கண் அயரும்போது பக்கத்தில் இருப்பவர், "நிறுத்து, ஒரு டீ குடிப்போம்" என்பார். தனியாகப் போகிறவருக்கு அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. களைத்துப் போனவரும் அவரே, 'நான் களைத்துவிட்டேனா?' என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவரும் அவரே. களைத்த மூளை சொல்லும் தீர்ப்பு, "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்பதாகவே இருக்கும். ஆகவே, எங்கே நிற்பது, எப்போது நிறுத்துவது, எந்த நிலையில் பயணத்தை விட்டுவிடுவது என்பதையெல்லாம் மூளை தெளிவாக இருக்கும்போதே, வீட்டில் உட்கார்ந்து எழுதி வைத்துவிட வேண்டும். சாலையில் போகும்போது முடிவெடுக்கக் கூடாது. எழுதி வைத்த முடிவுக்குக் கீழ்ப்படிய மட்டுமே வேண்டும்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் பழக்கியது நாள் பாடத்திட்டம் எழுதுவதைத்தான். முப்பது பிள்ளைகளின் முன்னால் நின்றுகொண்டு அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க முடியாது. அது முன்னாள் இரவே தாளில் இருக்க வேண்டும். அன்றிரவு அந்தப் பையனைத் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் எடுத்துக்கோ" என்றேன். சிரித்தான். ஆனால் எடுத்துக்கொண்டான். நேயர்களும் ஒரு தாளை எடுத்துக்கொண்டால் நல்லது.

முதலாவது, புறப்படும் நேரம்.

"எப்போ கெளம்புறே?" என்று கேட்டேன். "ஏழு மணிக்கு வேலை முடியும் சார். குளிச்சிட்டு ஒன்பது மணிக்குக் கெளம்பிடுவேன். ராத்திரியில ரோடு காலியா இருக்கும். விடியறதுக்குள்ள வந்துடுவேன்" என்றான். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். இதைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அவன் வேலைக்காகக் காலை 5.30 மணிக்கு எழுகிறான். அன்றிரவு 10.30 ஆகும்போது அவன் விழித்து 17 மணி நேரம் ஆகிவிட்டது. ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் செயல்திறனுக்குக் குறைந்துவிடுகிறது என்று காட்டியது. நம் நாட்டில் 2020-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, ஓட்டுநரின் இரத்தத்தில் மது அந்த அளவைத் தாண்டினால் குற்றம். அதாவது ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத நம் பையன், இரவு 10.30-க்குக் குடித்தவன் நிலைக்கு வந்துவிடுகிறான். ஒன்பது மணிக்குப் புறப்பட்டவன் அப்போது பாகோவுக்குப் பக்கத்தில்தான் இருப்பான். இன்னும் 550 கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது!

இரவு இரண்டு மணியிலிருந்து விடியற்காலை ஐந்து மணி வரை நம் உடம்பு எப்படியும் தூக்கத்தைக் கேட்கும். அதுபோலவே பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள்ளும் ஓர் அயர்வு வரும். கண் திறந்திருக்கும்போதே மூளை சில வினாடிகள் உறங்கிப்போவதும் உண்டு. 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு வினாடியில் 30 மீட்டர் ஓடுகிறது. நான்கு வினாடி கண் அயர்ந்தால் 120 மீட்டர். நம் பள்ளித் திடலின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கும் அப்பால் கார் ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது என்று பொருள்.

ஆகவே முதல் முடிவு: வேலை முடிந்த இரவு புறப்படக் கூடாது. உறங்கி எழுந்து, காலை 6.30-க்குப் புறப்பட வேண்டும். "ஒரு நாள் வீணாப்போகுமே, சார்" என்றான். "அந்த நாள் வீணாப் போகல, தம்பி. அந்த நாளைக் கொடுத்துத்தான் நீ வீடு வந்து சேர்றே" என்றேன்.

இரண்டாவது, சாலையும் நிறுத்தங்களும்.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. தாய்லாந்து எல்லையில் உள்ள புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை ஏறக்குறைய 770 கிலோமீட்டர் நீளம். வழியில் ஓய்வுத் தளங்கள் பல இருக்கின்றன. நம் பிள்ளைகள் 'ஆர் அண்ட் ஆர்' என்பது இவற்றைத்தான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் ஓட்டக் கூடாது என்பதை விதியாக வைத்துக்கொண்டு, இந்தத் தளங்களைப் பெயர் சொல்லித் தாளில் எழுத வேண்டும். நாங்கள் எழுதியது இது:

காலை 6.30 – ஜொகூர் பாருவில் புறப்பாடு.
8.15 – பாகோ. பசியாறுதல், அரை மணி நேரம்.
10.00 – சிரம்பான். கை கால் நீட்டி நடக்க 20 நிமிடம்.
11.45 – ரவாங். பகலுணவு. வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது.
பிற்பகல் 2.00 – தாப்பா. காப்பி, பிறகு ஒரு சிறு தூக்கம்.
4.15 – சுங்கை பேரா. முகம் கழுவி, தண்ணீர் குடித்து 20 நிமிடம்.
மாலை 6.30 – வீடு.

தாப்பாவில் காப்பி முதலில், தூக்கம் பிறகு என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். காப்பி தன் வேலையைத் தொடங்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். குடித்த உடனே இருக்கையைச் சாய்த்து 15, 20 நிமிடம் கண்ணை மூடினால், எழும்போது இரண்டின் பலனும் ஒன்றாகக் கிடைக்கும். ஆனால் ஒன்று. கண்ணாடிகளை மூடி, இயந்திரத்தை ஓடவிட்டுக் குளிர்சாதனத்தில் உறங்கக் கூடாது. புகைவாயு உள்ளே கசிந்தால் அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்கியவர் எழுவதே இல்லை. நிழலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், இயந்திரத்தை நிறுத்திக் கண்ணாடியைச் சற்றே இறக்கிவிட்டு உறங்க வேண்டும்.

சாலையில் தடுமாறும் இடம் கோலாலம்பூர்ப் பக்கம். நீலாயைத் தாண்டும்போதே, நகருக்குள் புகுந்து போவதா, அல்லது ஷா ஆலம் வழியாகச் சுற்றிப் போகும் எலைட் நெடுஞ்சாலையைப் பிடிப்பதா என்று முடிவாகியிருக்க வேண்டும். பண்டிகைக் காலத்தில் சுற்றிப் போவதையே திட்டத்தில் எழுதிக்கொண்டோம். அடுத்து, ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப் பாதைப் பகுதி. மலை ஏறி இறங்கும் வளைவுகள். அங்கே வேக வரம்பு குறைவு. பாரவண்டிகள் ஊர்ந்து ஏறும். தீபாவளிப் பருவத்தில் பிற்பகலில் இடி மழையும் பெய்யும். முன்னால் போகும் வண்டி தெரியாத அளவுக்கு மழை கொட்டினால், அடுத்த ஓய்வுத் தளத்தில் ஒதுங்கிவிட வேண்டும். மழையோடு போட்டி போட்டு வென்றவர் யாரும் இல்லை.

இந்த நேரக் கணக்கோடு நெரிசலுக்காக இரண்டு மணி நேரத்தைக் கூட்டி வைத்தோம். பிறகு மிக முக்கியமான ஒரு வரியை எழுதினோம்: 'மாலை 5 மணிக்குள் சுங்கை பேராவைத் தாண்டவில்லை என்றால் அன்று வீட்டுக்கு வர முயலக் கூடாது. வழியில் தங்க வேண்டும்.' எங்கே தங்குவது? தோட்டங்கள் துண்டாடப்பட்டதாலும், வேலை தேடிப் போனதாலும் நம் உறவுகள் நாடெங்கும் சிதறிப் போயின. அது நமக்குப் பெரிய துயரம்தான். ஆனால் அதனாலேயே சிரம்பானில் ஒரு சித்தப்பா, தாப்பாவில் ஒரு மாமா, ஈப்போவில் ஓர் அத்தை என்று நமக்கு வழிநெடுக வீடுகள் இருக்கின்றன. அவர்களில் இரண்டு பேருக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிட வேண்டும். பையனின் தாய்மாமன் தாப்பாவில் இருந்தார். அவர் எண்ணையும் தாளில் எழுதிக்கொண்டான்.

மூன்றாவது, கார்.

"யாருகிட்ட எடுக்கப் போறே?" என்றேன். "கூட்டாளியோட கூட்டாளி ஒருத்தன் தன் காரை வாடகைக்கு விடுறான் சார். விலை குறைவு" என்றான். நேயர்களே, இங்கேதான் பல குடும்பங்கள் கடனில் விழுகின்றன. சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த காப்புறுதி, வாடகைக்கு விட்ட காருக்குச் செல்லாது. விபத்து நேர்ந்தால் காப்புறுதிக் கம்பெனி கையை விரித்துவிடும். அப்போது கார்க்காரனும் நம் பையன் சட்டையைத்தான் பிடிப்பான். ஆகவே, வாடகைக்கு விட அனுமதி பெற்ற கம்பெனியில், எழுத்துப் பத்திரத்தோடு எடுக்க வேண்டும். 'பி' உரிமம் வைத்திருக்கும் புதிய ஓட்டுநர்களுக்குப் பல கம்பெனிகள் கார் தருவதில்லை. அவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் இவற்றைக் கேட்க வேண்டும். ஒரு நாள் என்பது எத்தனை மணி நேரம், தாமதமானால் மணிக்கு எவ்வளவு? முன்பணம் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பி வரும்? பெட்ரோல் எந்த அளவில் திருப்பித் தர வேண்டும்? விபத்தானால் நாம் கட்ட வேண்டிய பங்கு எவ்வளவு? காரை யார் யார் ஓட்டலாம்? இந்தக் கடைசிக் கேள்வி நம்மவருக்கு மிக அவசியம். கார் லயத்து வாசலில் வந்து நின்றதும், "அண்ணே, ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வர்றேன்" என்று தம்பிமார் கையை நீட்டுவார்கள். பத்திரத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டி மோதினால், காப்புறுதி இல்லாத கார் மோதியதற்குச் சமம். "பத்திரத்துல என் பேருதான் இருக்கு, தம்பி" என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட வேண்டும்.

காரை வாங்கும்போது அதைச் சுற்றி வந்து கைத்தொலைபேசியில் படம் பிடிக்க வேண்டும். கீறல், நசுங்கல், சக்கரம், பெட்ரோல் முள், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் தெரிய வேண்டும். நான் ஒரு முறை படம் எடுக்காமல் ஒரு காரை வாங்கி, பின்கதவில் ஏற்கெனவே இருந்த கீறலுக்காக முன்பணத்தை இழந்தேன். "இது முன்பே இருந்தது" என்று சொன்னேன். "ஆதாரம் இருக்கா?" என்று கேட்டார்கள். பிள்ளைகளிடம் தினமும் ஆதாரம் கேட்கும் நானே அன்று வாயை மூடிக்கொண்டு திரும்பினேன்.

பிறகு, கார் கடையை விட்டு வெளியேறுமுன் பார்க்க வேண்டியவை: நான்கு சக்கரங்களின் காற்று, மாற்றுச் சக்கரம், தூக்கும் ஜாக்கி, முன்விளக்கு பின்விளக்கு, மழை துடைப்பான், எச்சரிக்கை முக்கோணம். காற்றின் அளவு ஓட்டுநர் கதவுப் பக்கத்தில் ஒட்டிய தாளில் இருக்கும். சில கார்களில் மாற்றுச் சக்கரம் ஒல்லியாக இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு மெதுவாக அடுத்த பட்டறை வரை போகலாமே ஒழிய, நெடுந்தூரம் ஓட்டக் கூடாது.

நான்காவது, பணம்.

நம்மவர் பலர் காரின் ஒரு நாள் வாடகையை மட்டும் கேட்டுவிட்டு, "மலிவுதான்" என்று எடுத்து விடுகிறார்கள். வருவதற்கு ஒரு நாள், திரும்புவதற்கு ஒரு நாள், வீட்டில் இரண்டு நாள் என்றால் மொத்தம் நான்கு நாள் வாடகை. கார் வீட்டு வாசலில் சும்மா நின்றாலும் வாடகை ஓடும். பெட்ரோல் கணக்கு எளிது. சிறிய கார் ஒரு லிட்டருக்கு 14, 15 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்தால், ஒரு வழிக்கு 50 லிட்டர் வரை வேண்டும். தொட்டியில் அத்தனை கொள்ளாது. வழியில் ஒரு முறை நிரப்ப வேண்டும். பாதித் தொட்டிக்குக் கீழே இறங்குமுன் நிரப்புவது நல்லது. பண்டிகை நெரிசலில் கார் நின்றபடியே பெட்ரோல் குடிக்கும்.

டோல் சாவடியில் ரொக்கம் வாங்குவதில்லை. டச் அண்ட் கோ அட்டையில் இரு வழிக்கும் போதுமான பணம் முன்பே இருக்க வேண்டும். வேக வரம்பை மீறினால் கேமரா படம் எடுக்கும். சம்மன் கம்பெனிக்குப் போகும், அங்கிருந்து நம்மிடம் வரும். நெடுஞ்சாலையில் பொதுவாக 110, கூட்டரசுச் சாலையில் 90. இவற்றோடு, எதற்கும் தொடாத பணமாக ஒரு நாள் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் உரிய தொகையைத் தனியே மடித்து வைக்க வேண்டும். கையில் காசு இல்லாதவன் களைத்தாலும் ஓட்டிக்கொண்டே இருப்பான்.

ஐந்தாவது, கார் வழியில் நின்றுவிட்டால் செய்ய வேண்டியது.

இயன்றவரை அவசரத் தடத்தின் ஓரத்துக்குக் கொண்டுவந்து, நான்கு விளக்கும் மின்ன விட்டு, சாலைப் பக்கம் இறங்காமல் மறுபக்கக் கதவு வழியாக இறங்க வேண்டும். காருக்குள் உட்கார்ந்திருக்கவும் கூடாது, காரின் பின்னால் நிற்கவும் கூடாது. இரும்புத் தடுப்புக்கு அப்பால் போய் நின்றுகொண்டு தொலைபேசியை எடுக்க வேண்டும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் உதவி எண் 1800-88-0000. ஆபத்து என்றால் 999. ஓரத்தில் உள்ள சிறு பலகையில் கிலோமீட்டர் எண் இருக்கும். அதைச் சொன்னால் உடனே இடம் புரிந்துவிடும். பிறகு வாடகைக் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். நாம் அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை வண்டியிடம் காரை ஒப்படைக்கவே கூடாது.

நேயர்களே, இத்தனையும் ஓட்டிப் போகிறவருக்கு. இனி, வீட்டில் இருப்பவர்களின் பங்குக்கு வருகிறேன். அதற்கு என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பயிற்சிக்காக நான் ஜொகூருக்குப் போயிருந்தேன். தீபாவளிக்கு முதல் நாள் மாலையில் பயிற்சி முடிந்தது. பேருந்தில் இடமில்லை. எந்தத் திட்டமும் இல்லாமல் ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொண்டு ஐந்து மணிக்குப் புறப்பட்டேன். வழியெல்லாம் நெரிசல். என் தாயார் பால்மரம் வெட்டி எங்களை ஆளாக்கியவர். தீபாவளி விடியலில் எங்கள் தலையில் அவர்தான் எண்ணெய் வைப்பார். தாப்பாவுக்கும் ஈப்போவுக்கும் இடையில் மூன்று முறை என்னை அழைத்தார். "எங்கப்பா வந்துட்டே? எண்ணெய் தேய்க்க வந்துடுவேல்ல?" என்று கேட்டார். மூன்று முறையும், "இதோ வந்துட்டேம்மா" என்றேன். அந்த 'இதோ' பொய்யாகிவிடக் கூடாதே என்று எங்கும் நிறுத்தாமல் ஓட்டினேன்.

இரவு ஒன்றரை மணி இருக்கும். சுரங்கப் பாதையைத் தாண்டிய இறக்கம். திடீரென்று சக்கரத்தின் கீழே தடதடவென்று ஒரு சத்தம். சாலை ஓரக் கோட்டின் மேல் கார் ஓடிக்கொண்டிருந்தது. இரும்புத் தடுப்பு என் பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஓடியது. அதற்கு முன்னால் சுரங்கத்துக்குள் போனது மட்டும் நினைவிருக்கிறது. வெளியே வந்தது நினைவில்லை. அடுத்து வந்த சுங்கை பேரா ஓய்வுத் தளத்தில் நிறுத்தினேன். சாவியைத் திருப்பி அணைக்கக்கூட முடியாமல் கை நடுங்கியது. விடியும்வரை அங்கேயே கிடந்தேன்.

வீட்டுக்குப் போகும்போது மணி எட்டரை. ஊரெல்லாம் குளித்துப் புத்தாடை உடுத்திவிட்டது. அம்மா மட்டும் நேற்றைய சேலையோடு வாசலில் நின்றிருந்தார். இரவு முழுதும் விளக்கை அணைக்கவில்லை என்பது பார்த்த உடனே தெரிந்தது. "வந்துட்டியா? எண்ணெய் ஆறிப்போச்சு. இரு, சுட வைக்கிறேன்" என்று சொல்லி உள்ளே போனார். வேறு எதுவும் கேட்கவில்லை. நடந்ததை நானும் அவரிடம் சொல்லவில்லை. அவர் இன்று இல்லை. அவரிடம் சொல்லாததை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

என் தாயார் மேல் எந்தத் தவறும் இல்லை. அன்பினால்தான் கேட்டார். ஆனால் "எங்கே வந்துட்டே? எப்ப வருவே?" என்ற கேள்வி, ஓட்டுகிறவனின் காலை அழுத்தியை நோக்கித் தள்ளுகிறது என்பதை நாம் அறிவதில்லை. ஆகவே பெற்றோர்களுக்கு நான் சொல்வது மூன்று. ஒன்று, பிள்ளை எழுதிய நேரத் தாளின் படி ஒன்று உங்கள் கையிலும் இருக்கட்டும். இரண்டு, நீங்கள் அழைக்காதீர்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்ற பிறகு அவன் அழைக்கட்டும், அல்லது புலனத்தில் ஒரு சொல் அனுப்பட்டும். குறித்த நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரமாகியும் செய்தி வராவிட்டால் மட்டும் அழையுங்கள். மூன்று, எப்போது வருவாய் என்று கேட்காதீர்கள். "நின்னியா? சாப்பிட்டியா? தூங்கினியா?" என்று கேளுங்கள். புறப்படும்போதே, "நாளைக்கு வந்தாலும் பரவாயில்லை, பலகாரம் எங்கேயும் போகாது" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அவனுக்கு அதைவிடப் பெரிய துணை இல்லை.

திரும்பும் பயணத்துக்கும் இதே திட்டம்தான். வேலைக்குப் போகும் நாளுக்கு முதல் நாளே அவன் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முன்னிரவு விருந்தில் யாரும் அவனுக்குக் குடிக்க ஊற்ற வேண்டாம். பத்து மணிக்கெல்லாம் படுக்க விடுங்கள்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அனுமதி பெற்ற கம்பெனியில் கார் எடுத்தான். காலையில்தான் புறப்பட்டான். பாகோ, சிரம்பான் வரை தாளில் எழுதியபடி வந்தான். அதற்குப் பிறகு நெரிசல். ரவாங்கைத் தாண்டவே மணி மூன்றாகிவிட்டது. தாப்பாவுக்கு வரும்போது ஐந்தரை. தாளைப் பார்த்தான். சுங்கை பேரா இன்னும் தூரத்தில் இருந்தது. மாமா வீட்டுக்குத் திரும்பினான். மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் அவன் கார் எங்கள் தோட்டத்துச் செம்மண் சாலையில் நுழைந்தது.

தீபாவளி முடிந்து பள்ளி திறந்த அன்று அவன் அம்மா மீண்டும் வகுப்பறை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பொட்டலம் முறுக்கு. "அவன் அன்னிக்கு வரலேன்னதும் மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு சார். ஆனா எந்த வீட்டுல படுத்திருக்கான்னு தெரியும்ல. ராத்திரி நான் நல்லாத் தூங்கினேன்" என்றார்.

இந்த ஆண்டும் பிள்ளைகள் வருவார்கள். அவர்கள் புறப்படுமுன் ஒரு தாளையும் பேனாவையும் எடுக்கச் சொல்லுங்கள்.